இரண்டு முறை வடிகட்டிய சோறு

ஏழாவது விசிலுக்குப் பிறகுதான் அடுப்பை அணைத்தேன். ஒரு பிடி பச்சரிசிக்கும் அரைப்பிடி பாசிப்பருப்புக்கும் நான்கு விசிலே அதிகம். இதை எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன், நாலு விசில் விடுங்க, கரண்டியால மசிங்க, கரண்டியைச் சாய்ச்சா தண்ணியா ஓடக் கூடாது, அப்படியே நிக்கணும், அவ்வளவுதான், இதுக்கு எதுக்கு மிக்சி, எதுக்கு வடிகட்டி. சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் உயர்ந்து, கடைசி வார்த்தையில் லேசாகச் சிரித்து. பதினோரு வருஷமாக அங்கன்வாடியில் வேலை. ஊரில் யாரும் என்னைத் திலகவதி என்று கூப்பிடுவதில்லை, டீச்சர்தான், என் வீட்டுக்காரரின் அம்மாகூட மற்றவர்களிடம் பேசும்போது எங்க டீச்சரு என்றுதான் சொல்வார்கள். குக்கரின் ஆவி அடங்கக் காத்திருக்கிறேன். என் பிள்ளை மகிழன் பாயில் குப்புறக் கிடந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதை எட்டிப் பிடிக்கலாமா என்று யோசிப்பது முதுகிலேயே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பதே முக்கால். வெளியே குழாயில் தண்ணீர் வந்து நின்றுவிட்டது, குடங்கள் போய்விட்டன, தெருவில் சத்தம் இல்லை. இன்றைக்கு ஊட்டிவிட வேண்டும். நேற்றும் இப்படித்தான் நினைத்தேன், ஆனால் நேற்று மையம் இருந்தது, முந்தாநாள் எடை போடும் நாள், அதற்கு முந்தைய நாள் அவனுக்கு லேசாகச் சளி. இன்றைக்கு ஒன்றும் இல்லை. சளி இல்லை, மையம் இல்லை, கரண்ட் இருக்கிறது, அவன் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறான், பால் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரு காரணமும் மிச்சமில்லாத நாள் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஏழு மாதம் பதினெட்டு நாள். ஆறு மாதம் முடிந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன் என்று தாய் சேய் அட்டையில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில், என் பிள்ளையின் அட்டையில், இணை உணவு தொடங்கிய தேதி என்ற கட்டத்துக்குள். அந்த வாரம் பழனிக்குப் போனோம், மலை மேல் வைத்து அவனுக்கு முதல் சோறு என்று வீட்டுக்காரரின் ஆசை. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி என்ன தூரம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை, அவர் அக்கா, அக்கா வீட்டுக்காரர், பிள்ளைகள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். பொங்கல் பிரசாதத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அவன் உதட்டில் வைத்தேன், வைத்த விரலாலேயே எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. மகிழன் மட்டும் பார்த்தான், வந்ததும் போய்விட்டதே என்பது போல நாக்கை ஒரு தடவை சுழற்றினான். அன்றைக்கே ஒரு பொய், மறுநாள் இன்னொன்று, அப்புறம் அது பொய்யாகவே தெரியவில்லை, தினமும் செய்கிற வேலையாகிவிட்டது. காலையில் அவர் நாலு மணிக்கெல்லாம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார், கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை, திரும்ப மூன்று மணியாகும். ஏழு மணிக்கு நான் சத்துமாவைக் கரைத்துக் கூழ் கிண்டுவேன். கிண்ணியில் ஊற்றுவேன். ஆற வைப்பேன். அவனை மடியில் வைப்பேன். கரண்டியை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவேன், அவன் வாயைத் திறப்பான், ஆமாம், திறக்கத்தான் செய்வான், அதுதான் கொடுமை, நான் கரண்டியைத் திருப்பி என் வாயில் வைத்துக்கொள்வேன். கடைசி வரைக்கும் நானே சாப்பிட்டுவிட்டுக் கிண்ணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பால் கொடுத்து, அவனைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போவேன். ஆயா கேட்பார்கள், பிள்ளைக்கு ஆச்சா டீச்சர். ஆச்சுக்கா, வீட்டுலயே ஊட்டிட்டேன். ஒன்றரை மாதத்தில் என் ஜாக்கெட்டுகள் இறுகிவிட்டன. எடையில் மட்டும் பொய் எழுத வரவில்லை. ஐந்தாம் மாதம் ஆறரை கிலோ, ஆறாம் மாதம் ஆறு அறுநூறு, ஏழாம் மாதம் ஆறு எழுநூறு. வரைபடத்தில் புள்ளி வைத்தேன். கோடு மேலே ஏறாமல் படுத்துக்கொண்டு, எடை குறைவு என்கிற மஞ்சளைத் தொடப் போகிறது. சூப்பர்வைசர் மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர், உங்க பிள்ளைக்கே இப்படியா, என்ன குடுக்குறீங்க என்றார். எல்லாம் குடுக்கிறேன் மேடம், சரியா பிடிக்க மாட்டேங்குது என்றேன். பிடிக்க மாட்டேங்குது. பழியை அவன் மேல் போட்டேன்.

மூடியைத் திறந்தேன். குழைந்து வெண்ணெய் மாதிரி இருக்கிறது. கரண்டியால் மசித்தேன், மசிக்க ஒன்றுமில்லை, இருந்தும் மசித்தேன். பிறகு டீ வடிகட்டியை எடுத்து, டீ வடிகட்டி என்றால் புதியது, இதற்கென்றே வாங்கி ஒளித்து வைத்திருப்பது, அதில் போட்டுத் தேய்த்து இறக்கினேன். கீழே விழுந்ததில் இரண்டு வெள்ளைத் துணுக்குகள் தெரிந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை வடிகட்டினேன். இப்போது சோறும் இல்லை, கஞ்சியும் இல்லை. போன் அடித்தது, அவர்தான், பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம், யாரோ முருங்கைக்காய்க்கு விலை கூவுகிற சத்தம். ஊட்டிட்டியா என்றார். இப்பத்தாங்க என்றேன். எவ்வளவு சாப்பிட்டான்? ரெண்டு கரண்டி. இன்னும் ரெண்டு ஊட்டிப் பாரேன், பய மெலிஞ்ச மாதிரி இருக்கான். சரிங்க. வைத்துவிட்டார். ஒருநாளும் அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. பிள்ளை விஷயத்தில் நான் சொன்னால் அது அரசாங்கம் சொன்ன மாதிரி அவருக்கு. போனை வைத்த கையோடு கிண்ணியைப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. சூடு ஒரு காரணமாகலாம் என்று கை காத்திருந்திருக்கிறது போல. இல்லை, சரியான சூடுதான்.

செண்பகத்தின் வீடு ஞாபகத்துக்கு வருகிறது, வரும் என்று தெரியும், கிண்ணியைக் கையில் எடுத்தாலே அந்த வீட்டு வாசல்தான் முதலில் வரும், பச்சை பெயிண்ட் அடித்த கதவு, ஆணியில் தொங்குகிற யூரியா பை. இரண்டு வருஷம் ஆகிறது. சொட்டு மருந்து தேதியைச் சொல்லப் போயிருந்தேன். உள்ளே அவள் பிள்ளைகள், அக்காவும் தம்பியும், அக்காவுக்கு ஐந்து வயது, தம்பிக்குப் பதினோரு மாதம், கவிஷ் என்று பெயர். அக்கா கடலைமிட்டாயைக் கடித்து ஒரு துண்டைத் தம்பி வாயில் வைத்திருக்கிறாள், பாசத்தில்தான். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து, பள்ளிக்கூடத்துலதான், மறந்துராதீங்க, அப்போது ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி இருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பவில்லை நான், சத்தம் இல்லாததால் திரும்பினேன். அவன் வாய் திறந்திருந்தது. இருமவில்லை, அழவில்லை. கண்கள் என்னைப் பார்த்தன. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. பயிற்சியில் ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டியதை என் கை ஞாபகம் வைத்திருந்தது, நான் வைத்திருக்கவில்லை, கைதான். உட்கார்ந்து, தொடை மேல் அவனைக் குப்புறப் போட்டு, தலை தாழ, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் பாதிக் கடலை என் புடவைக் கொசுவத்தில் விழுந்தது. பிறகு அவன் அழுதான். செண்பகம் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யூனியன் ஆபீசில் சால்வை போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், அடுத்த ஒரு வருஷம் போகிற கூட்டத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். சத்தம் வந்தா பயப்படாதீங்கம்மா, இருமினா, உவ்வேன்னா அது நல்லது, பிள்ளையே தள்ளிரும், சத்தம் இல்லைன்னாதான் நீங்க ஓடணும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பயம் எனக்கு அப்போது வரவில்லை. மகிழன் பிறந்த நாலாம் நாள், பால் குடிக்கும்போது புரையேறி அரை நொடி, அரை நொடிதான், மூச்சு நின்று வந்தது, அந்த அரை நொடிக்குள் பச்சைக் கதவு திறந்து நான் உள்ளே நின்றேன். அதிலிருந்து வெளியே வரவே இல்லை. அந்த நான்காவது அடி. மூன்றிலேயே நான் எண்ணத் தொடங்கிவிட்டேன், ஐந்துக்கு மேல் என்ன செய்வது என்று, ஐந்துக்குள் வராவிட்டால் திருப்பிப் போட்டு நெஞ்சில் அமுக்க வேண்டும், அது தெரியும், ஆனால் அதற்குப் பிறகு, அதற்கும் பிறகு. எல்லோரும் வந்ததைப் பார்த்தார்கள். வராமல் போயிருந்தால் என்பதை நான் மட்டும் பார்த்துவிட்டேன். அதை யாரிடம் சொல்வது? சால்வை போட்டவளுக்குப் பயம் என்றால் யார் நம்புவார்கள்.

மகிழனைத் தூக்கி மடியில் உட்கார வைத்தேன், முதுகு என் வயிற்றில் சாய, நிமிர்ந்து. படுக்க வைத்து ஊட்டக் கூடாது, சாய்த்து ஊட்டக் கூடாது, சிரிக்கும்போதும் அழும்போதும் கூடாது, உப்பு, சர்க்கரை, தேன் ஒரு வயது வரைக்கும் வேண்டாம், புதுசா ஒண்ணு குடுத்தா மூணு நாளைக்கு அது மட்டும், உடம்புல தடிப்பு வருதா, வயித்தால போகுதான்னு பாருங்க. எல்லாம் எனக்குள் வரிசையாக ஓடுகிறது, மனப்பாடமான பாட்டுப் போல, ஓடி என்ன. கரண்டியில் நுனியளவு எடுத்தேன். அவன் தலை முன்னால் வருகிறது, வாய் திறக்கிறது, ஈறில் கீழே இரண்டு பல் முளைப்பதற்கான வெள்ளை. உள்ளே சிவப்பு. எவ்வளவு சின்ன வழி. ஒரு பேனாவின் அகலம்கூட இருக்காது. இந்த வழியாகத்தான் அறுபது எழுபது வருஷத்துச் சோறு போக வேண்டும், எத்தனை கல்யாணச் சாப்பாடு, எத்தனை பஸ் ஸ்டாண்டு புரோட்டா, காய்ச்சலில் குடிக்கிற கஞ்சி, யாரும் பக்கத்தில் இல்லாமல் எங்கேயோ ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்து இவன் சாப்பிடப் போகிற சாப்பாடு. அத்தனைக்கும் நான் இருக்க முடியுமா. முதலாவதற்கே இருக்க முடியவில்லை. கரண்டி திரும்பத் தொடங்கிவிட்டது, என் பக்கமாக, எனக்குத் தெரியாமலே. அப்போதுதான் வாசலில் டீச்சர் என்று குரல்.

நாகஜோதி. ஐந்து மாத வயிறு நைட்டிக்கு மேல் போட்ட துண்டுக்குள் லேசாகத் தெரிய நின்றாள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவுப் பாக்கெட்டை அவள் வெள்ளிக்கிழமை வாங்க வரவில்லை, மில்லில் ஷிஃப்ட், நான்தான் அவள் பங்கை வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருந்தேன். உள்ள வா, அலமாரியில இருக்கு, எடுத்துக்கோ என்றேன். அவள் வந்து எடுத்துக்கொண்டாள். போகவில்லை. கிண்ணியைப் பார்த்தாள், சிங்க்கில் கிடந்த வடிகட்டியைப் பார்த்தாள், இன்னும் என் பக்கம் பாதி திரும்பியபடி நிற்கிற கரண்டியைப் பார்த்தாள். அவளைப் பார்க்க எனக்கு எப்போதுமே ஒரு சங்கடம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், செண்பகம் வீட்டு விஷயத்துக்கெல்லாம் முந்தி, இவளுடைய மூத்தவள் தன்ஷிகா எட்டு மாதக் குழந்தை. வெறும் தாய்ப்பால்தான், வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. தாய்மார் கூட்டத்தில் முப்பது பேருக்கு முன்னால் எழுந்து நிற்கச் சொன்னேன். ஏன் குடுக்கலை? பயமா இருக்கு டீச்சர் என்றாள், இருபது வயசு அப்போது, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எதுக்குப் பயம், சோறுதானே, பாம்பா என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், கடைசி வார்த்தையில் லேசாகச் சிரிக்கிற என் சிரிப்பு. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, தாயின் அலட்சியம் என்று எழுதினேன். பிறகு மறுவாரமே அவள் ஊட்டத் தொடங்கிவிட்டாள், பிள்ளை தேறிவிட்டது, நான் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு ஊட்டிட்டீங்களா டீச்சர்?"

ஊட்டிட்டேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. ஒன்றரை மாதமாகச் சொல்கிற வார்த்தை, தானாக வரும். ஏன் வரவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்த பாக்கெட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்த விதமாக இருக்கலாம், இன்னும் நாலு மாதத்தில் அவளுக்கும் ஒன்று. அல்லது களைத்துப்போயிருப்பேன். தினமும் ஒரு பொய்யைக் கிண்டி, ஆற வைத்து, சாப்பிட்டு, கழுவிக் கவிழ்ப்பது.

"இல்ல நாகஜோதி. இன்னும் ஒருநாளும் ஊட்டலை."

அவள் புரியாமல் பார்த்தாள். "இன்னைக்கு ஊட்டலையா?"

"ஒருநாளும். ஆறு மாசம் முடிஞ்சதிலருந்து. பால் மட்டும்தான். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் நியாயம், முப்பது பேர் சிரிப்பில் அவளுக்குப் பாக்கி இருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. பாக்கெட்டைக் கீழே வைத்தாள். சிங்க்குக்குப் போய்ச் சோப்பு எடுத்துக் கை கழுவினாள், விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு வரைக்கும், உதடு அசைந்தது, இருபது வரை எண்ணுகிறாள், அது நான் சொல்லிக் கொடுத்தது. துடைக்காமல் கையை உதறிக்கொண்டு வந்து எனக்கு எதிரே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஊட்டட்டுமா, இல்ல நீங்களே ஊட்டுறீங்களா?"

நீயே ஊட்டு என்று சொல்லத்தான் எல்லாமும் இழுத்தது. அவனை அவள் மடியில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சத்தம் கேட்கும் வரை நிற்கலாம். சத்தம் கேட்காவிட்டால்? அடுத்த அறையில் நின்றால் சத்தம் இல்லாததும் கேட்குமே. "நானே ஊட்டுறேன்" என்றேன், என் குரல் எனக்கே கூட்டத்தில் எழுந்து நிற்பவளின் குரல் மாதிரி இருந்தது. "நீ பக்கத்துல இரு."

"இருக்கேன். இது என்ன டீச்சர், இவ்வளவு தண்ணியா இருக்கு? கரண்டியில நிக்கவே இல்லையே." எழுந்து குக்கரைப் பார்த்தாள். அடியில் வடிகட்டாத சோறு கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதை வழித்துக் கிண்ணியில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் நாலு அழுத்து அழுத்தினாள். என் இரண்டு வடிகட்டலும் அந்த நாலு அழுத்தில் போய்விட்டன. நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன வார்த்தை இருக்கிறது, எல்லா வார்த்தையும் அவள் பக்கம் அல்லவா பேசும்.

முதல் கரண்டி. நுனியளவுதான். அவன் வாயைத் திறந்தான், கரண்டி போயிற்று, நான் போக விட்டேன், உதடு மூடியது, கரண்டியை எடுத்தேன். வெறும் கரண்டி. உள்ளே போய்விட்டது. அவ்வளவுதானா, இல்லை, நாக்கு அதை வெளியே தள்ளியது, தாடையில் வழிந்தது, நாகஜோதி விரலால் வழித்து மறுபடியும் உதட்டில் வைத்தாள். பக்கவாட்டில் குனிந்து தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் குழி ஒரு தரம் மேலே ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான். மூச்சு வருகிறதா, வருகிறது. இரண்டாவது கரண்டி. ஏறி இறங்கியது. என் கால் மரத்துப்போயிருக்கிறது, மாற்றி உட்காரப் பயம், அசைந்தால் ஏதாவது தவறிவிடும். தெருவில் பாத்திரக்காரன் குரல் வந்து தேய்ந்து போனது. மூன்றாவது கரண்டி கொஞ்சம் அதிகமாகிவிட்டது, என் கைதான் தைரியம் வந்து கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர். கழுத்து முன்னால் நீண்டது, முகம் சிவந்தது, வாய் திறந்தது.

பச்சைக் கதவு. யூரியா பை. என் கை அவனைத் திருப்பிப் போட எழுந்துவிட்டது, உள்ளங்கை விரிந்துவிட்டது, ஒன்று என்று எண்ணுவதற்கு வாய் குவிந்துவிட்டது. அந்த மணிக்கட்டை நாகஜோதி பிடித்தாள். மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக் காய்த்த விரல்கள், இறுக்கமாக.

"இருங்க டீச்சர். சத்தம் வருதுல்ல. கேளுங்க."

கேட்டேன். உவ்வே என்றான். இருமினான். ஈரமான, கோபமான, அசிங்கமான இருமல், மறுபடியும் உவ்வே, நாக்கு முழுதாக வெளியே வந்து ஒரு சின்னச் சோற்றுக் கட்டியை என் முழங்காலில் தள்ளியது. அவ்வளவுதான். ஒரு மூச்சு இழுத்தான். நாகஜோதி என் மணிக்கட்டை விடவில்லை. "பிள்ளையே தள்ளிரும்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். அவன் தலையை உயர்த்தி, தலைகீழாக என்னைப் பார்த்தான், என்ன என்று கேட்பது போல, நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்பது போல. அழவில்லை. நான்தான் அழுதேன் என்று பிறகு தெரிந்தது, அவன் தலைமுடி நனைந்திருந்தது. அவன் கையை நீட்டிக் கரண்டியைப் பிடிக்கப் பார்த்தான்.

"இன்னும் வேணுங்குறான்" என்றாள்.

நாலாவது, ஐந்தாவது, நுனியளவு நுனியளவாக. ஆறாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திணிக்கக் கூடாது. போதும். அவன் வாயைத் துடைத்தேன், கழுத்து மடிப்பில் போனதைத் துடைத்தேன். ஐந்து கரண்டிக்கு இருபது நிமிஷம். இவ்வளவு நேரம் நான் எங்கேயும் முழுசாக இருந்ததில்லை.

"அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு டீச்சர்" என்றாள் நாகஜோதி, சோறு ஒட்டிய விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே, குறையாக இல்லை, மழை பெய்தது என்கிற மாதிரி. "எங்க சித்தி பிள்ளை ஒண்ணு சோறு விக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக. அத நான் பாத்துருக்கேன். அதான் சொன்னேன் பயமா இருக்குன்னு."

"எனக்குத் தெரியாதே நாகஜோதி. நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

கேட்கவில்லை. எதுக்குப் பயம் என்றுதான் சொன்னேன், அது கேள்வி மாதிரி இருந்தது, கேள்வி இல்லை. பதில் வருவதற்குள் பாம்பைக் கொண்டுவந்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லாமல் இவளை அனுப்பினால் நாளைக்குக் கரண்டி மறுபடியும் என் பக்கம் திரும்பும் என்று தோன்றியது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. "அன்னைக்கு ரெஜிஸ்டர்ல உன் பேருக்கு நேரா அலட்சியம்னு எழுதினேன்" என்றேன். "தாயின் அலட்சியம். தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

அவள் மகிழனின் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எழுதியது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது, நானாகச் சொல்லித்தான் இப்போது வலித்திருக்கிறது. அதையும் தப்பாகத்தான் செய்தேனோ. "அதுக்கு முந்தின வாரம் பூரா நான் தூங்கவே இல்ல டீச்சர்" என்றாள். "உக்காந்து அவ மூச்சையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பேரு அலட்சியமா." பிறகு, "சரி, விடுங்க. எனக்கு அடுத்ததுக்கு நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. ரெண்டாவதுதான், ஆனாலும் வாங்க" என்றாள். தரையில் கை ஊன்றி எழுந்தாள். நான் கை கொடுத்தேன்.

"வர்றேன்" என்றேன். "நாளைக்குக் காலையில நீ வர முடியுமா? ஒரு பத்து நிமிஷம்."

"நாளைக்கு ஆறு மணி ஷிஃப்ட்டு டீச்சர். புதன்கிழமைதான் லீவு." சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினாள். "புதன்கிழமை வாரேன். நடுவுல ரெண்டு நாளுதான."

அவள் போன பிறகு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் மார்பில் காது வைத்துக் கேட்டேன், கரகரப்பு இல்லை. வயிறு, கை, முதுகு, தடிப்பு இல்லை. பால் கொடுத்தேன், குடித்தான், பாதியில் தூங்கிவிட்டான். பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். போகவில்லை, இருக்கிறது, ஆனால் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, நான் உட்காரக் கொஞ்சம் இடம் விட்டு. போனை எடுத்து நானாக அவரைக் கூப்பிட்டேன், மார்க்கெட் நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை. என்னாச்சு என்றார் எடுத்ததும், குரல் மாறிப்போய். ஒண்ணும் ஆகலைங்க என்றேன். இன்னைக்குத்தான் அவனுக்கு முதல்முதலா சோறு ஊட்டினேன், இத்தன நாள் சொன்னதெல்லாம் பொய், பழனியிலகூட உதட்டுல வச்சு எடுத்துட்டேன், எனக்குப் பயமா இருந்துச்சு, தினமும் கூழை நான்தான் குடிச்சேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் தராசில் ஏதோ ஏற்றுகிற சத்தம், யாரோ அவரை அண்ணே என்று கூப்பிட்டார்கள், இருப்பா என்றார். அப்புறம் அமைதி. சத்தம் இல்லாமல் இருப்பது எல்லா நேரத்திலும் ஆபத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கோபப்பட்டால் படட்டும். பட வேண்டும்.

"பயம்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றார் கடைசியில். கொஞ்சம் வருத்தமாகத்தான். "எவ்வளவு சாப்பிட்டான்?"

"அஞ்சு கரண்டி. நெசமா."

"அஞ்சா." மறுபடியும் அண்ணே என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "பிடிச்சிருந்துச்சா அவனுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அந்த இருபது நிமிஷத்தையும் திரும்பத் தேடிப் பார்த்தேன், முதல் கரண்டியிலிருந்து ஐந்தாவது வரை. தொண்டைக்குழி ஏறி இறங்கியது தெரிகிறது, உதட்டின் நிறம் தெரிகிறது, மூச்சு தெரிகிறது. இருமியபோது சுருங்கியதைத் தவிர, அவன் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

"நான் பாக்கலைங்க" என்றேன். "நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."